ஈரக் காற்று

பனி கொட்டும் சஸ்காட்டூன் நகரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் ஓரெஸ்ட் மெல்னிக். மணமுறிவுக்குப் பிறகு அவனுக்கென்று மிஞ்சியவை ஒரு சின்ன வீடும், மகள் லாரிசா வந்து தங்கும் வார இறுதிகளும்தான்.

ஏழு வயதில் அவளுக்கு இளைப்பு கண்டது. தாய் கோலீன் வீட்டில் சும்மா இருக்கும் நெஞ்சு, இங்கே ஓர் இரவு படுத்தெழுந்தால் விசிலடித்தது.

"எங்கிட்ட நல்லாத்தானே இருக்கா? நீ வீடுங்கற பேர்ல தூசியைக் குடி வச்சிருக்கே," என்றாள் கோலீன், வாசலில் காரை அணைக்காமலே. "ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் ராத்திரி தங்கறதே கிடையாது. சொல்லிட்டேன் ஓரெஸ்ட்."

மருத்துவமனையில் தூசிப் பூச்சி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாது, நாம் உதிர்க்கும் தோலைத் தின்று மெத்தையில் கிடக்கும். அதன் எச்சம்தான் மூச்சை அடைக்கிறதாம். ஓரெஸ்ட் பேயாய் உழைத்தான். தரைக் கம்பளத்தைப் பெயர்த்தெறிந்தான். மெத்தைக்கு முழு உறை போட்டான். போர்வைகளைச் சுடுநீரில் துவைத்தான். குளிரில் பூச்சி சாகட்டும் என்று மகளின் துணிக் கரடியை மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே ஃப்ரீசரில் திணித்தான்.

"கரடிக்குக் குளிராதாப்பா?"

"அதுக்கென்ன குளிரு? பனிக்காலம் பூரா தூங்கற ஜாதி. பக்கத்துல மான்கறி வேற."

சிரித்தாள். பிறகு இருமினாள்.

ஒன்றை மட்டும் அவன் சந்தேகிக்கவில்லை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அப்பளமாய்க் காய்ந்துவிடும் ஊர் அது. முன்பு ஒருமுறை மகளுக்கு மூக்கில் ரத்தம் வந்ததில் பதறிப்போய், காற்றை ஈரமாக்கும் மெஷின் ஒன்றை அவள் கட்டிலருகே வைத்திருந்தான். இருமல் கூடக் கூட அதையும் கூட்டி வைத்தான்.

வீட்டைப் பார்க்க வந்த நர்ஸ் பெர்னடெட் படுக்கையைத் தொடவேயில்லை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இங்க மீன் வளக்கறீங்களா?"

"புள்ளைக்கு மூக்கு காயுது. அதான்..."

"அந்தப் பூச்சி தண்ணி குடிக்காதுங்க, காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சித்தான் உயிரோட இருக்கும். மத்ததெல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அதுக்குத் தண்ணிப் பந்தல் இல்ல வச்சிருக்கீங்க!"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு குளிர்காலம் முழுக்கக் காய விடணும்."

ஈஸ்டர் அடுத்த ஞாயிறு. கோலீன் சொன்ன சொல் மாறவில்லை. அப்பாவும் மகளும் சனிக்கிழமை மதியங்களில் டோனட் கடையில் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலம் முழுக்க வீட்டை வறள விட்டான். உதடு வெடித்தது, மூக்கு எரிந்தது, பொறுத்துக்கொண்டான். இனி ராத்திரி தங்கலாம் என்றார் டாக்டர். கோலீன்கூட, "கூட்டிட்டுத்தான் போயேன்," என்றாள்.

அதற்குள் லாரிசா ஒன்பதை நெருங்கியிருந்தாள். சனிக்கிழமைகளில் ஐஸ் ஹாக்கி. அரங்கின் பெஞ்சில் வைத்துத்தான் கேட்டான்.

"இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டுல தங்கறியா கண்ணு?"

"அங்க படுத்தா மூச்சு முட்டும்பா."

"இப்ப முட்டாதுடா. எல்லாம் போயிடுச்சு."

அவள் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெனச்சாலே முட்டுதுப்பா."

அவன் வற்புறுத்தவில்லை. குனிந்து அவள் சறுக்குக் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"போ. உன் டீம் கூப்பிடுது பாரு."