பின் பெஞ்சில் ஒரு டீச்சர்

நாற்பத்தொரு வயதில் டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, வீட்டுக்காரர் சிரிப்பை மறைக்க டீ டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். டிக்கெட் கிழித்த கைக்கு சாக்பீஸ் சரிப்படுமா என்று அவருக்குச் சந்தேகம். அவள் கண்டுகொள்ளவே இல்லை, சேர்ந்துவிட்டாள்.

படிப்பு எப்படியோ ஓடிவிட்டது. பிறகு பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த வகுப்பாசிரியை, கல்யாணமே ஆகாத சின்னப் பெண். இவள் பதறிப்போய், "வணக்கம் மேடம்" என்றாள்.

"ஐயோ, மேடமெல்லாம் வேண்டாம். கிளாசுக்குள்ள நாம ரெண்டு பேரும் டீச்சர். வெளிய வந்தா நீங்க எனக்கு அக்கா. சரியா?"

முதல் பாடம் கழித்தல். முந்நூற்றிரண்டில் நூற்றைம்பத்தெட்டு போக எவ்வளவு? நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் இருந்த சைபரிடம் வந்ததும் ஒரு ரெட்டை ஜடைக்காரி எழுந்தாள்.

"டீச்சர், சைபர்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே. அது எப்படிக் கடன் குடுக்கும்?"

அவள் கணக்கை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பிள்ளைகள் சலசலத்தார்கள். பதற்றத்தில் பழைய கண்டக்டர் குரல் தானாக வெளியே வந்தது. "சத்தம் போடாதீங்க! எல்லாம் உள்ள தள்ளிப் போங்க!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் பார்த்தாள். எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தால், வகுப்பாசிரியைப் பெண் கடைசி வரிசைக் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எனக்கும் அது புரியல."

அத்தனை தலைகளும் திரும்பின. "உங்களுக்கே புரியலையா!" நான் சொல்றேன், நான் சொல்றேன் என்று ஒரே போட்டி. அவள் ஒரு பையனைக் கூப்பிட்டாள்.

"சைபர் பக்கத்து வீட்டுல போய்ப் பத்து வாங்கும் டீச்சர். ஒம்பதத் தனக்கு வெச்சுக்கிட்டு ஒண்ண இந்த ரெண்டுக்குக் குடுக்கும்."

"அடேயப்பா, விவரமான சைபர்தான்!" என்றாள் அவள். இந்த முறை எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

மணி அடித்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "நீங்க வந்து எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருந்தா நாளைலேர்ந்து பசங்க உங்களப் பாக்க மாட்டாங்க, என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. நல்லாத்தான் நடத்தினீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு, கேள்வியக் கேட்டுட்டு நீங்களே பதிலையும் சொல்லிடறீங்க. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

பொறுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தினமும் நாக்கைக் கடித்துப் பழகினாள். அந்தப் பெண்ணும் மெல்ல மெல்ல வகுப்பை விட்டு வராந்தாவுக்கு நகர்ந்துவிட்டாள்.

பயிற்சியின் கடைசியில், அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடத் தேர்வாளர் வந்து பின்னால் உட்கார்ந்தார். அன்று கடிகாரப் பாடம். "பெரிய முள் ஒரு சுத்து சுத்தினா, சின்ன முள் எவ்வளவு தூரம் போகும்?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் வழக்கம்போல நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேர்வாளருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது பசங்களா..." என்று ஆரம்பித்தார்.

"சார், இருங்க. நாங்க யோசிச்சிட்டிருக்கோம்" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒருவழியாக நான்கைந்து கைகள் உயர்ந்தன.

போகும்போது தேர்வாளர் சொன்னார்: "உங்க பசங்க என்னையே உக்கார வெச்சுட்டாங்கம்மா. நல்லா வருவீங்க."

அன்று சாயங்காலம் அக்காவும் தங்கையுமாக டீக்கடையில் அவரைப் போலவே செருமிக் காட்டிச் சிரித்ததில், டீ ஆறிப்போய், மறுபடி இரண்டு டீ சொல்ல வேண்டியதாயிற்று.