பங்குக்கு நாற்பது ரூபாய்

பாகூர் ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் நஞ்சையை விற்று, புதுச்சேரியில் ஓர் அரிசி ஆலைக் கம்பெனியின் பங்குகளை வாங்கியே தீருவேன் என்று என் மகன் நின்றான். நிலம் என் பெயரில். நான் கையெழுத்துப் போடாமல், பத்திரப் பதிவு பார்க்கும் நொத்தேர் விற்பனைப் பத்திரம் எழுத மாட்டார். அதனால் சாப்பிடும்போதும் விடவில்லை, கழனிக்குப் போகும்போதும் விடவில்லை.

கம்பெனி அச்சிட்டு அனுப்பிய ஆண்டுக் கணக்கில் மூலதன ரிசர்வ் என்று ஒரு பெருந்தொகை இருந்தது. அதை மொத்தப் பங்குகளால் வகுத்துவிட்டான். பங்குக்கு நாற்பது ரூபாய் வந்தது.

"முப்பது ரூபாய்க்கு விக்கிறான். உள்ள நாப்பது ரூபா இருக்குது. உனக்கு இன்னாப்பா யோசனை?"

"வகுத்தது சரிடா. அந்த ரிசர்வ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தியா?"

"எங்கேர்ந்து வந்தா இன்னா? பணம் பணந்தானே!"

அது பணமே இல்லை. ஆலை நிற்கும் மனைக்குக் கம்பெனியே விலையை உயர்த்தி மதிப்பிட்டு, கூடிய தொகையை ரிசர்வ் என்று எழுதியிருந்தது. நெல் அரைத்துச் சம்பாதித்தது அல்ல; பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. இதை எத்தனை விதமாகத்தான் சொல்வது? கோடையில் அவனை ஏரிக்கரைக்கே இழுத்துக்கொண்டு போனேன். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது.

"இந்தத் தண்ணிய எல்லா நெலத்துக்கும் வகுத்துப் பாரு. காணிக்கு இவ்வளவுன்னு அழகா வரும். ஒரு சொட்டு பாயுமா?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏரியவே வித்துட்டா?" என்றான். "ஆலைய மூடுறாங்கன்னு வச்சுக்கோ. மனைய விப்பாங்க. நாப்பது கைக்கு வருமில்ல?"

"ஆலை மூடணும்னுதான் ஆலைல பங்கு வாங்குறியா? மூடுனா மொதல்ல கடன்காரன் வந்து நிப்பான்டா! அதுவும் கம்பெனிக்காரன் எழுதுன வெலைக்கு அந்த மனைய எவன் வாங்குவான்?"

"நீ எல்லாத்துக்கும் பயப்படுறப்பா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நிலம் தப்பியது. அடுத்த வாரம் மருமகள் மோர் கொண்டுவந்து வைத்தபோது அவள் கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் இருந்தது.

"சங்கிலி எங்கம்மா?"

"அவரு அதை வித்துப் பங்கு வாங்கிட்டாரு மாமா. ஒவ்வொண்ணுலயும் பத்து ரூபா லாபமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இன்றும் அவள் எதிரே வந்தால் கழுத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.