ஸ்பேனர் விழுந்த இடம்

அக்காவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பல் தேய்த்துக்கொண்டே படுக்கையைச் சுருட்டுவாள். மரம் போலத் தெரியும் லேமினேட் தரைகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில்.

அன்று காலை அவள் மண்டியிட்டிருந்தது அவள் கணவர், என் மாமா, மெக்கானிக்காக இருக்கும் சுற்றுலாப் படகில். முந்தின நாள் மாமா கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, கேபினின் புதுத் தரையில் நகத்தளவு சில்லு பெயர்ந்துவிட்டது. "இன்னொரு தடவை எதையாச்சும் உடைச்சா வேலைக்கு வராதே" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அவர் வருவார்.

"ஸ்பேனரப் பிடிக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க இன்ஜினு?" என்றாள் அக்கா.

"மெதுவா பேசு, ஊருக்கே கேக்கும்."

"காலங்காத்தால படகுத்துறையில ஊரு ஏது? மீனுதான் கேக்கும்."

குழியில் ஈரம் தங்கினால் அடியிலுள்ள அட்டை உப்பிவிடும். ஹேர் டிரையரால் உலர்த்தினாள். இரண்டு நிற மெழுகுக் குச்சிகளை உருக்கிக் கலந்து நிரப்பி, சுரண்டியால் வழித்து, மெல்லிய பேனாவால் மர ரேகை இழுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் எது காயம், எது தரை என்று எனக்குத் தெரியவில்லை. மாமா பெருமூச்சு விட்டார்.

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஜன்னலைத் துடைக்கிறேன் என்று திரையை விலக்கினாள். வெயில் விழுந்த இடத்தில் மெழுகு ஒட்டு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"ஐயோ, பல்பு வெளிச்சத்துல நிறம் பாத்துட்டேன்!"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சரியாக அந்த ஒட்டின் மேலேயே நின்று தண்ணீரைப் பார்த்துப் பேசினார். குனியவே இல்லை. மாமா கண்ணாலேயே கெஞ்சினார். படகு கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. அக்காவின் விரல்கள் சுரண்டியைத் திருகின.

"சார், கொஞ்சம் காலை எடுங்க. அந்த நிறம் சரியா வரல."

"எந்த நிறம்?"

மாமா முன்னால் வந்தார். "நான்தான் சார். ஸ்பேனர் விழுந்துடுச்சு."

முதலாளி குனிந்து நகத்தால் தடவினார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"இவங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. படகு பதினோரு மணிக்குக் கிளம்பலாம், அதுக்குள்ள இவங்க முடிக்கட்டும். நீ அந்த ஸ்பேனரக் கயித்துல கட்டி இடுப்புல மாட்டிக்க."

அவர் இறங்கிப் போனதும் மாமா வெடித்தார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

அக்கா மெழுகை ஏற்கெனவே சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப அந்தத் திரையைப் பிடிங்க, வெளிச்சம் வரட்டும்."