ஹார்ட்டிகனின் முழங்கால்

டோனல் ஹார்ட்டிகனுக்கு அடிபட வேண்டும் என்று பன்றிக்கறிக் கடை கிறிஸ்டி ஷீடி வருஷக்கணக்கில் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார் என்பது அயர்லாந்தின் லிமெரிக் நகரில் உலவும் வதந்தி.

ஹார்ட்டிகன் யார் என்று இந்த ஊரில் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். அயர்லாந்து ரக்பி அணியில் ஒன்பதாம் எண் சட்டையை வேறு யாருக்கும் விட்டுத்தராமல் ஆடியவர். கிறிஸ்டி அவருடைய கிளப்பில், அதே ஒன்பதுக்கு மாற்று ஆள். அந்தக் காலத்தில் ஆடுபவருக்கு அடிபட்டு, டாக்டர் பார்த்து இனி ஆட முடியாது என்று சொன்னால்தான் பெஞ்சில் இருப்பவர் இறங்க முடியும். ஒருவருடைய முழங்காலில் இன்னொருவருடைய வாழ்க்கை இருந்தது.

கடைக்கே போய்க் கேட்டேன்.

"மெழுகுவத்தி ஏத்தினீங்களாமே, கிறிஸ்டி?"

"உடையணும்னு கேட்டேன்னா சொல்றாங்க? அபாண்டம், தம்பி. சுளுக்கு போதும்னுதான் கேட்டேன்."

கல்லாவில் இருந்த அவர் மனைவி நோரீன் தலை நிமிராமல் சொன்னார்: "இடது முழங்கால்னு வெவரமாச் சொல்லிக் கேட்டாரு. கடவுளுக்குக் குழப்பம் வந்துடக் கூடாதாம்."

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஹார்ட்டிகன் பந்தை எறிந்தால் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். கிறிஸ்டி இரண்டாம் அணியில் எறிந்தால் நோரீன் பார்த்தார், அதுவும் மழை இல்லாவிட்டால். ஹார்ட்டிகன் அயர்லாந்துக்கு ஆட டப்ளின் போகும் சனிக்கிழமையாவது கிறிஸ்டிக்கு விடியும் என்று நினைப்பீர்கள். அன்றைக்குக் கிளப் ஆட்டங்களே கிடையாது.

"கிளப்பு மொத்தமும் அந்த மகராசன் ஆடறதப் பாக்க ரயிலேறிடும். நான் யாரோட ஆடறது, கடையில தொங்குற பன்னியோடவா?" என்றார்.

மதுக்கடையில் ஹார்ட்டிகனின் படம் மாட்டியதிலிருந்து அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அதைப் பார்த்தால் பீர் புளிக்கிறதாம்.

ஹார்ட்டிகனையும் போய்ப் பார்த்தேன். மெழுகுவத்தி விஷயம் அவருக்கு முன்பே தெரியும்.

"அது வேல செஞ்சுது," என்றார். "அடிக்கடி விழுவேன். வலி உயிரு போகும். அப்படியே பெஞ்சுப் பக்கம் பாத்தா, இவன் மேல்சட்டையக் கழட்டிக்கிட்டு இருப்பான். மூஞ்சியில கல்யாணக் களை. அதப் பாத்துட்டு எப்படிப் படுத்துக் கெடக்கறது? எந்திரிச்சிடுவேன். ஒரு ஆட்டத்தக்கூட பாதியில விட்டதில்லன்னு என்னையப் பத்தி எழுதுறாங்களே, அதுக்கு இவன் மூஞ்சிதான் காரணம்."

பிறகு, கேட்காமலே, கோப்பை இறுதியாட்டக் கதையைச் சொன்னார். கிறிஸ்டிக்கு அதுதான் கடைசி வருஷம். முதல் அணிக்காக ஒரு தடவைகூடப் புல்லை மிதித்ததில்லை. ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் ஹார்ட்டிகன் அவர் கையைப் பிடித்தாராம்: "நாம முன்னால இருந்தா, கடைசி அஞ்சு நிமிஷம் நான் விழுந்துடறேன். எந்திரிக்க மாட்டேன். நீ எறங்கு."

அணி நன்றாகவே முந்தியது. சொன்ன நேரத்தில் ஹார்ட்டிகன் விழுந்தார். டாக்டர் ஓடினார். பார்வையாளர் வரிசையில் நோரீன் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். கிறிஸ்டி மேல்சட்டையைக் கழற்றி வீசினார். டாக்டர் குனிந்து முழங்காலைத் தொட்டதும் ஹார்ட்டிகன் அருமையாக முனகினார். முனகிக்கொண்டே, ஆள் தயாரா என்று பெஞ்சுப் பக்கம் ஒரு கண்ணைத் திறந்தார்.

அந்த முகம் தெரிந்தது.

"உடம்பு என்னையக் கேக்கலப்பா. எந்திரிச்சு ஓடிட்டேன்."

மைதானமே கைதட்டியது. கிறிஸ்டி வீசிய மேல்சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இதற்கு ஈடாக ஹார்ட்டிகன் தராதது இல்லை. டப்ளின் ஆட்டத்துக்கு முன்வரிசை டிக்கெட் கொடுத்துப் பார்த்தார். அயர்லாந்துச் சட்டையையே ஒரு கிறிஸ்துமஸுக்குக் கடையில் வைத்துவிட்டுப் போனார். அதையும் நோரீன் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"வேற எதையாவது வாங்கிக்கிட்டு விட்டுடலாமே?" என்று கிறிஸ்டியிடம் கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம் தரணும். அதையே தரட்டும்," என்றார் அவர், கத்தியைத் துடைத்தபடி. "இப்ப ரெண்டு முழங்காலும் உலோகமாம். சுளுக்கக்கூடச் சுளுக்காது. அதுலயும் அவனுக்குத்தான் அதிர்ஷ்டம்."