டிஃபரன்ஸ் இல்லீங்க

முதலிபாளையம் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டுத் தேர்வில் இருபது கேள்விகள். முதல் எட்டும் வெறும் எண்களும் குறிகளும். மற்ற பன்னிரண்டும் வாக்கியக் கணக்குகள். நந்தினி என்ற பெண் முதல் எட்டையும் சரியாகப் போட்டிருந்தாள். பன்னிரண்டுக்கும் சுழி. பத்துக்குக் கீழே எடுத்தால் 'ஸ்லோ லேர்னர்' பட்டியல், சி செக்ஷன். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவள் அம்மா மகளோடு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"ஏனுங்க சார், ஊட்டுல நாஞ் சொல்ற கணக்கெல்லாம் டக்குனு போடுறாளுங்க. சி செக்ஷன் மட்டும் வேண்டாமுங்க."

விடைத்தாளைப் பிரித்தேன். ஒன்பதாவது கேள்வி: 'ஃபைண்ட் த டிஃபரன்ஸ் பிட்வீன் 45 அண்ட் 18.' அவள் எழுதிய விடை: 'நோ.'

"இதென்ன கண்ணு, நோ?"

"ரெண்டும் ஒரே கறுப்புதானுங்க சார். டிஃபரன்ஸ் இல்லீங்க."

எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பனியனின் உடம்பு ஒரு நிறமாகவும் கை கொஞ்சம் வெளுத்தும் இருந்தால் செக்கிங்கில் அதற்குப் பெயர் டிஃபரன்ஸ். வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரே பொருள்தான்.

"நாப்பத்தஞ்சு பீஸ்ல பதினெட்டு ரிஜெக்ட். பேலன்ஸ் எவ்வளவு?" என்று நந்தினியிடம் கேட்டேன்.

"இருபத்தேழுங்க."

மீதிப் பதினொரு கேள்விகளையும் தமிழில் கேட்டேன். பத்து சரி. ஆக, இருபதுக்குப் பத்தொன்பது.

பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தமிழ்ல கேட்டு மார்க் போடறதுக்கு எதுக்குங்க சார் இங்கிலீஷ் மீடியம்? லிஸ்ட்ல இருக்கறது உங்க கையெழுத்துதானுங்களே?"

என்னுடையதுதான்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து, ஆசிரியர் வராத ஒரு நாள், சி செக்ஷனுக்குப் போனேன். பத்தொன்பது பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். நந்தினியிடம் அதே கணக்கை, அதே தமிழில், பீஸ் வைத்துக் கேட்டேன்.

"தெரியாதுங்க சார். நான் ஸ்லோங்க."

பிறகுதான் அந்த ஆண்டுத் தேர்வுத் தாளில் இருந்த இங்கிலீஷ் சொற்களை எண்ணினேன். பன்னிரண்டு கேள்விகளில் நூற்று முப்பத்தொன்று. எண்கள் இருபத்தேழு. புதிதாகக் கணக்கு எடுக்க வருகிறவர்கள் சுழி போடுவதற்கு முன்பே இதை எண்ணிவிட வேண்டும். முப்பத்தோரு ஆண்டு ஆசிரியர் வேலையில் நான் எண்ணாமல் போட்ட சுழிகள் எத்தனை என்று என்னிடம் கணக்கு இல்லை.