பூக்காரம்மா கொடுத்த டம்ளர்

என் அத்தையின் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் யாரும் புடவையைப் பற்றியோ பிரியாணியைப் பற்றியோ பேசுவதில்லை. பன்றிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் மெதுவாக எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவேன். அந்தக் கல்யாணத்துக்குள் பன்றிகள் வந்ததற்கு நான்தான் காரணம் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் லிங்கராஜபுரத்தில் ஒரு சரிவான தெருவில் குடியிருந்தோம். தெருவின் மேல்முனையில் சர்ச்சும் அதையொட்டிய கூடமும் இருந்தன. கீழ்முனையில் சாக்கடைக் கால்வாய். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். காலை ஆறரை மணிக்கு கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போவாள். முப்பத்திரண்டு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கு உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மா சொன்ன காரணம் எளிமையானது: "மனசுல பட்டத வாயில சொல்லிடுவா. எவன் தாங்குவான்?"

அந்த வருஷம் எதிர்வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. எங்கள் தெருவில் முதன்முறையாகப் பாயசத்தை வெள்ளை பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம், கழுவ வேண்டியதில்லை என்று பெண்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். எங்களுக்கோ கொண்டாட்டம். கோபுரம் கட்டினோம், நூல் கோத்து டெலிபோன் செய்தோம். சலித்துப் போனதும் அங்கேயே விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் மழை கொட்டியது. கப்புகள் எல்லாம் சரிவில் இறங்கிப் போய்க் கால்வாயின் வாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் திரும்பிக் கடைசி வீட்டுக்குள் புகுந்தது. அது பூக்காரம்மாவின் வீடு. வீடு என்றால் ஒரே ஒரு அறை. வேலையிலிருந்து வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு போனாள். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று கப்பு கப்பாகக் குத்தி வெளியே போட்டாள். பூக்காரம்மா பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் டெலிபோன் செய்த கப்பு ஒன்று நூலோடு வெளியே வந்தது. அத்தை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுகிறவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் ஜெபித்துக் களைத்துப்போன நேரத்தில், அத்தைக்கு ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் அத்திபெலெ, வேலை ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில். இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு முறையும் காபி குடித்தார். அவர் பேசி நான் கேட்கவில்லை. ஊமையாக இருப்பாரோ என்று அம்மாவிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

கல்யாணத்துக்கு அத்தை நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னாள். அவள் கல்யாணத்தில் ஒரு பிளாஸ்டிக் கப்புகூட இருக்கக் கூடாது.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "நானூறு பேரும்மா. நானூறு டம்ளருக்கு எங்க போறது?"

"தெருவுல எல்லார் வீட்லயும் இருக்குண்ணா. கேட்டா குடுப்பாங்க."

"இரவல் டம்ளர்ல தண்ணி குடுத்தா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? இவ்ளோ வருஷம் கழிச்சு அமைஞ்சிருக்கு, கெடுத்துக்காத."

"டம்ளரால கெடற சம்பந்தம்னா இப்பவே கெடட்டும்," என்றாள் அத்தை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அத்தையும் நானும் கோணிப்பையோடு வீடு வீடாகப் போனோம். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு. யாருடையது எது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு அத்தை சிரித்தாள். எழுத என்ன இருக்கிறது? ஒவ்வொரு டம்ளரிலும்தான் பேர் வெட்டியிருக்கிறதே. பாத்திரக்கடையில் கிர்ரென்ற சத்தத்தோடு அந்தச் சின்ன மெஷின் புள்ளி புள்ளியாக எழுதிய பெயர்கள். வீட்டுக்காரர் பெயர், கல்யாணத் தேதி, அன்பளிப்பு கொடுத்த மாமன் பெயர். கன்னடத்திலும் சில இருந்தன, ஒரு வீட்டில் உருதுவில்கூட இருந்தது. கொடுக்கும்போது எல்லோரும் ஒருமுறை பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

கீழ்முனை வீட்டில் அத்தை கேட்கவே இல்லை. பூக்காரம்மாவே கூப்பிட்டார். அவர் வீட்டில் மற்ற எல்லாம் அலுமினியம். எவர்சில்வர் ஒன்றே ஒன்றுதான். விளிம்பு நசுங்கி, அடி கறுத்திருந்தது. பக்கவாட்டில் அவர் பெயரும் அதன் கீழே ஒரு பூவும் வெட்டியிருந்தன. "என்கிட்ட இது ஒண்ணுதான்மா இருக்கு. இதுவும் போகட்டும் உன் கல்யாணத்துக்கு," என்றார். அத்தை அதை மற்றவற்றோடு பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

கல்யாண நாள் வந்தது. காலையில் சர்ச்சில் தாலி கட்டியாயிற்று. மதியம் கூடத்தில் பந்தி. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் குழாயடியில் உட்கார்ந்து கழுவக் கழுவ, டம்ளர்கள் பளபளவென்று திரும்பத் திரும்ப மேஜைக்கு வந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். "இது யாருப்பா, மேரியம்மா? இது யாரு, முனிவெங்கடப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேலியா, ரசிப்பா என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் முகம் வாடிப்போயிருந்ததால் கேலி என்றே முடிவு செய்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா உட்காரப் போகும் இடத்தைப் பார்த்தேன். அவருடைய இலைக்கு முன்னால் பூக்காரம்மாவின் நசுங்கின டம்ளர்.

எனக்கு ஒன்பது வயது. குடும்ப மானம் முழுவதும் என் தலையில் இறங்கியதாக எண்ணிக்கொண்டேன். அவர் வந்து உட்காருவதற்குள் டம்ளரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். எடுத்ததை எங்கே ஒளிப்பது? மேஜைக்கடியில் எச்சில் இலை போடும் கூடை இருந்தது. அதற்குள் செருகினேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். கேக் வந்தபின் எனக்கு மானமும் நினைவில்லை, டம்ளரும் நினைவில்லை.

நாலு மணிக்குப் பந்தி முடிந்தது. வெளியே அத்திபெலெ போகும் வேன் நின்றது. அங்கே வீட்டில் போதகர் ஜெபத்துக்குக் காத்திருந்தார். அத்தையோ கல்யாணப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் டம்ளர்களை வீடு வீடாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பிரித்த பிறகு நிமிர்ந்தாள்.

"பூக்காரம்மாவோடது எங்க?"

கூடத்தை அலசினார்கள். எல்லோரையும் விட மும்முரமாகத் தேடியது நான்தான். நாற்காலிக்கடியில் எல்லாம் தவழ்ந்தேன்.

"புதுசா ஒரு டஜன் வாங்கிக் குடுத்துடறேன், நீ கெளம்பும்மா," என்று அப்பா கெஞ்சினார்.

"டஜன் எதுக்குண்ணா? அவங்க குடுத்ததத்தான் நான் திருப்பிக் குடுக்கணும். அது கெடைக்காம நான் வண்டி ஏற மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா வேன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பொண்ணுடா இது? தாலி கட்டி அஞ்சு மணி நேரம் ஆகல, டம்ளர் தேடிட்டு நிக்குது." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்து வந்த சம்பந்தம் ஒரு டம்ளரில் கவிழ்ந்துவிடும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அத்தை படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் பயந்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பிடிவாதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது மாப்பிள்ளை வந்தார். நான் ஒரு நாற்காலிக்கடியில் இருந்தேன். கோட்டும் சூட்டுமாக என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "கண்ணு," என்று மெதுவாகக் கூப்பிட்டார். அதுதான் அவர் குரலை நான் முதலில் கேட்டது. "எங்க வெச்ச?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடை இருந்த இடத்தைக் காட்டினேன். கூடை காலியாக இருந்தது.

அவர் எழுந்து போய் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "எச்சில் இலையோட போயிருக்கும். இலையெல்லாம் யார் எடுத்துட்டுப் போனாங்க?"

பன்றி வளர்ப்பவர் ஒருவர் லக்கேஜ் ஆட்டோவில் வந்து எடுத்துப்போயிருந்தார். சர்ச்சில் எந்த விருந்து நடந்தாலும் இலையும் மீதியும் அவருக்குத்தான். "பக்கந்தான? போய்ப் பாத்துட்டு அப்படியே போகலாம்," என்று மாப்பிள்ளை வேன் கதவைத் திறந்தார். அவருடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மகன் இவ்வளவு பேசியதைக் கேட்ட அதிர்ச்சியிலோ என்னவோ, மூடிக்கொண்டார். வழி காட்ட நான் வேண்டும் என்று மாப்பிள்ளை என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு வழி தெரியாது. டிரைவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்தத் தொழுவம். இலைகளை அப்போதுதான் கொட்டியிருந்தார்கள். ஏழெட்டுப் பன்றிகள் எங்கள் வீட்டுப் பிரியாணியை மெச்சிக்கொண்டிருந்தன. பன்றிக்காரர் கல்யாண ஜோடியைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"அய்யோ மேடம், ஒரு லோட்டாக்காகவா வந்தீங்க? பன்னி அதெல்லாம் தின்னாது, பயப்படாதீங்க. நாளைக்கு நான் தேடித் தர்றேன்."

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். ஒரு பன்றி அவரை முட்டியது. "இருடா, உன் சோத்த ஒண்ணும் எடுக்கல," என்று அதனிடம் சொன்னார். அத்தையும் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். கால் மணி நேரம் கழித்து அவர் கையைத் தூக்கிக் காட்டினார். டம்ளர் இருந்தது. புதிதாக ஒரு நசுங்கல்கூட இல்லை.

அத்தை அதை வாங்கிக்கொண்டு சேற்றிலேயே நின்று அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததே இல்லை. கால்வாயில் நின்றபோதும் அழவில்லை. புடவை பாழாகிவிட்டதற்காக அழுகிறாள், எல்லாம் என்னால்தான், என்று நானும் சேர்ந்து அழுதேன். பன்றிக்காரர் அவர்கள் இருவருக்கும் கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். டம்ளரைச் சாம்பல் போட்டு அத்தையே மூன்று தடவை துலக்கினாள்.

திரும்பும் வழியில் வேன் பூக்காரம்மா வீட்டு வாசலில் நின்றது. அத்தை டம்ளரை இரண்டு கையாலும் கொடுத்தாள். பூக்காரம்மா பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வேனில் வெந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். பூக்காரம்மா குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தார். எதில் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். "பேரு நல்லா வெட்டியிருக்காங்க. பூவு வேற," என்றார்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். அவர்களும் கோணிப்பையோடு வந்தார்கள். பூக்காரம்மாதான் முதலில் எடுத்துக் கொடுத்தார். கொடுத்தது திரும்பி வரும் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன்பின் பல வருஷம் அந்தக் கால்வாயில் கல்யாணக் கப்பு எதுவும் மிதக்கவில்லை. கல்லூரிப் பாடத்தில், தூக்கிப் போடாமல் பகிர்ந்து பயன்படுத்துவதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வந்தபோது எனக்கு அத்தையின் கோணிப்பைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த அழுகையை மட்டும் நான் வெகுகாலம் தப்பாகவே புரிந்து வைத்திருந்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம் அத்திபெலெ போயிருந்தபோது, அத்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்டு, புடவைக்காக மன்னிப்பும் கேட்டேன். வாசலில் மாமா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நீதான்னு உங்க மாமா அன்னிக்கே சொல்லிட்டாரு," என்றாள் அத்தை. "புடவைக்கா நான் அழுதேன்? அன்னிக்கு மேடையில உக்காந்திருக்கேன், பக்கத்துல யாரு என்னன்னு ஒண்ணும் தெரியாத ஒரு மனுஷன். நாளைக்கு நான் ஒண்ணு சரின்னு நின்னா, இவரு கூட நிப்பாரா, பைத்தியம்னு சொல்வாரா? பயந்து செத்துட்டிருந்தேன்டி."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம் அவரு பூட்ஸக் கழட்டினாரு."