ஃபிராக் பையில் ஒரு விலாசம்

இரண்டு வாரமாக இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. உடம்புக்கு என்ன என்று சிலர் கடிதம் போட்டுக் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பேனாவை எடுத்தால் முதல் வரியோடு மூடி வைத்துவிட்டேன் - அவ்வளவுதான். இன்றைக்கும் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நஞ்சன்கூட்டில் பெரிய தேர். நான், என் கணவர், ஆறு வயது ரேவதி மூன்று பேரும் மைசூரிலிருந்து காலை ரயிலில் போனோம். அவருக்கு நஞ்சன்கூட்டில்தான் ஃபாக்டரி வேலை. "தினம் பாக்கற இடம்தானே, என்ன பயம்?" என்றார். பால் பொங்கினாலே பதறுகிற ரகம் நான். வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

அதனால் முன்ஜாக்கிரதையாக ஒரு காரியம் செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தைச் சின்ன அட்டையாகக் கத்தரித்தேன். குழந்தையின் பேரும் விலாசமும் எழுதித் தரச் சொல்லி அவரிடம் நீட்டினேன். கன்னடத்திலும் தமிழிலும் அழகாக எழுதிக் கொடுத்தார். அதை ரேவதியின் ஃபிராக் பையில் போட்டு, விழாமல் இருக்க ஒரு சேஃப்டி பின்னும் குத்தினேன்.

அட்டையை நான் படித்தேன். அதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். படித்தேன்... தப்பாக எதுவும் தெரியவில்லை.

தேர் நகர்ந்ததும் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் கையில் இருந்த கை இல்லை. எப்போது நழுவியது? தெரியாது. திரும்பிப் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் மஞ்சள் ஃபிராக் போட்ட மாதிரி இருந்தது.

புத்தியுள்ளவர்கள் நேராக உதவிக் கூடாரத்துக்குப் போயிருப்பார்கள். நான் ஆற்றுக்கு ஓடினேன். கபிலாவின் படி ஒவ்வொன்றாக இறங்கி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். மைக்கில் ஒரு மணி நேரமாக எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் என் காதில் அது விழவே இல்லை.

ஒன்றரை மணிக்குக் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த தொண்டர் ஒருவர் சந்தோஷமாகச் சிரித்தார். குழந்தையை அப்போதே ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எந்த ஊருக்கு? அட்டையில் இருந்த ஊருக்குத்தான். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற குடும்பம் ஒன்று வேனில் கிளம்பிக்கொண்டு இருந்ததாம். போகிற வழிதானே, வீட்டிலேயே விட்டுவிடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டார்களாம். வேன் நம்பரைக்கூட ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தார்.

அட்டையில் இருந்தது இது: 'பழனிசாமி மகள் ரேவதி, கௌதள்ளி, ஹனூர் வழி.'

கௌதள்ளி என் கணவர் பிறந்த கிராமம். மாமனார் காலமான பிறகு மைத்துனர் திருப்பூருக்குப் போய்விட்டார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் பூட்டுதான் குடியிருக்கிறது.

பின்னே ஏன் அதை எழுதினார்? நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவரானால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். பதினொரு மாத அக்ரிமென்ட். அது முடிந்ததும் வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும், இல்லாவிட்டால் அவர் மச்சினர் பெங்களூரிலிருந்து வந்துவிடுவார். ரேவதி பிறந்த பிறகு இது ஐந்தாவது வீடு. அதனால் எந்த ஃபாரத்தை நீட்டினாலும் இவர் கை தானாகக் கௌதள்ளி என்று எழுதும். ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே. 'நிரந்தர விலாசம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு கிராமத்தை வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் இருபது வருஷமாகக் கட்டட வேலை செய்கிற மேஸ்திரியும் அப்படித்தான். என் ஆபீஸ் சூப்பரின்டென்டும் அப்படித்தான்.

குழந்தையிடம் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டார்களாம். நீல கேட் வீடு என்று மட்டும் சொல்லி அழுதாளாம். நீல கேட் போன வீடு. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

யாருக்காவது போன் பண்ணலாம் என்று எஸ்.டி.டி பூத்துக்குள் போய் நின்றோம். யாருக்குப் பண்ணுவது? இவருக்கு நம்பர் தெரிந்த கௌதள்ளிக்காரர்கள் எல்லாரும் கௌதள்ளியை விட்டுக் கிளம்பியவர்கள்தான்.

கொள்ளேகாலம் போகிற பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். வேன் நம்பர் எழுதிய சீட்டு என் உள்ளங்கை வேர்வையில் கரைந்துபோனது என்று மட்டும் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஜனங்கள். ஆறு வயதுப் பெண். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பொழுது சாயும்போது கௌதள்ளியில் இறங்கி ஓடினோம். தெருவில் பாதி வீடுகளில் பூட்டு. எங்கள் வீட்டு வாசற்படியில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது.

உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சாதம், பாதி சாப்பிட்டது. எங்களைப் பார்த்து ஓடிவரவும் இல்லை. அழவும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு வந்தாள். பேர் ஈஸ்வரி. நாங்கள் பார்த்ததே இல்லை.

"உங்க புள்ளைங்களா அக்கா? மத்தியானத்துல இருந்து அந்தப் படிய வுட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. எங்க வூட்டுக்குள்ள வா சாமின்னாலும் வரல. சோறு மட்டும் இங்கயே கொண்டாந்து ஊட்டுனேன்."

வேனில் வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்களாம். பூட்டைப் பார்த்துத் திகைத்துப்போய், அரை மணி நேரம் நின்று, கடைசியில் ஈஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கமான மனிதர்கள். வழியெல்லாம் அவர்களை என்னென்ன நினைத்தேன்!

நான் ரேவதியை அள்ளிக்கொண்டேன். பயந்தாயா கண்ணு என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு பூட்டைக் காட்டி அவள் அப்பாவிடம் கேட்டாள்:

"இது நம்ம ஹொச மனேதானேப்பா? சாமான் லாரி எப்ப வரும்?"

ஹொச மனே என்றால் கன்னடத்தில் புது வீடு. ஒவ்வொரு தடவை மாறும்போதும் பள்ளித் தோழிகளிடம் அவள் சொல்லும் வார்த்தை. மறுபடியும் வீடு மாற்றிவிட்டோம், அவளை முன்னால் அனுப்பிவிட்டோம், பின்னால் பீரோவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு நாங்கள் வருவோம் என்று... மூணு மணி நேரம் பூட்டிய வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஈஸ்வரி வீட்டுக்குள் போனால் நாங்கள் வரும்போது தெரியாமல் போய்விடும் என்று வெளியிலேயே இருந்தாளாம்.

என் கணவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். சாவிக்கொத்தை எடுத்தார். ஃபாக்டரி லாக்கர் சாவியோடு இந்த வீட்டுச் சாவியும் இத்தனை வருஷமாக அதில்தான் தொங்குகிறது. பூட்டில் நுழைத்துத் திருப்பினார். திரும்பவில்லை. ஈஸ்வரி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். அப்போதும் அசையவில்லை.

அன்றைக்கு ஈஸ்வரி வீட்டில்தான் தங்கினோம். எங்கள் நிரந்தர விலாசத்துக்குப் பக்கத்தில், வாடகைக்கு இருப்பவர் வீட்டில்! அவளுக்குச் சொந்த ஊர் கோபிநத்தம். காட்டோரம். பிள்ளைகள் படிப்புக்காகப் போன வருஷம் இங்கே வந்தார்களாம். பஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, டவுன் மாதிரி வசதி என்று சந்தோஷமாகச் சொன்னாள். எதுவுமில்லை என்று நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே கௌதள்ளியைத்தான்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, அட்டையில் தப்பாக எழுதியது தான்தான் என்றார்.

"அதுக்கு எதுக்குங்ணா வருத்தப்படறீங்க?" என்றாள் ஈஸ்வரி. "எம் புள்ளைக்கு எழுதியிருந்தா நாங்களும் கோபிநத்தம்னுதான் எழுதியிருப்போம். அப்புறம் இவன் யான பாக்கற தூரத்துல போயி உக்காந்திருப்பான்."

சிரித்தோம். அன்றைக்கு முதல் தடவையாக.

மறுநாள் முதல் பஸ்ஸில் மைசூர் வந்ததும் ஒரு வேலை செய்தேன். ரேவதியை நிற்க வைத்து, வீட்டு நம்பர், தெரு, பக்கத்தில் இருக்கிற மாவு மில் எல்லாம் ஒப்பிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்த வீட்டில் எத்தனை நாள் இருப்போம் என்று கேட்டாள். அக்ரிமென்ட் தேதியை விரலில் எண்ணிப் பார்த்தேன். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம். கிளம்பினோம், அது நிஜம். வந்து சேர்ந்தோமா?

இவரும் ஒரு வேலை செய்தார். புது அட்டை எடுத்து, மைசூர் விலாசத்தை முழுசாக எழுதினார். முதலில் பென்சிலைத்தான் எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதினார்.

வீட்டுக்காரர் மகளுக்கு வரன் பார்ப்பதாக நேற்று பால்காரர் சொன்னார். பரவாயில்லை... பழைய கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன.